கைடு வாங்குவதற்கு முன்னால் விடைத்தாளைப் பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

பாப்பாவின் ஆங்கிலப் பரீட்சைக்கு எந்த கைடு வாங்கலாம், டியூஷன் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். இரண்டும் அப்புறம். முதலில் அவளுடைய பழைய ஆங்கில விடைத்தாள்களைத் தேடி எடு. மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பாய். சிவப்பு மையில் எழுதியிருப்பதைப் படித்திருக்க மாட்டாய். பெரும்பாலான அப்பாக்கள் அப்படித்தான்.

மதிப்பெண் எங்கெங்கே போனது என்று ஒரு தாளில் அவளையே எழுதச் சொல். பார்த்தால் நூறு தப்பு மாதிரி இருக்கும், வகை பிரித்தால் நாலைந்துதான் தேறும். கதையை இறந்த காலத்தில் ஆரம்பித்துப் பாதியில் நிகழ்காலத்துக்குத் தாவுவது, 'ஹி', 'ஷி' வரும் இடத்தில் வினைச்சொல்லுக்கு 'எஸ்' போட மறப்பது, 'ஏ', 'தி' எல்லாம் விட்டுப்போவது. இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டாம், அவளுடைய நாலைந்தை மட்டும் பிடித்தால் போதும்.

பத்தியைப் படித்துப் பதில் எழுதும் பகுதியில்தான் மதிப்பெண் அநியாயமாகப் போகிறது. கதையில் ஒரு பெரியவர், 'என் சாவியைத் தொலைத்துவிட்டேன்' என்கிறார் என்று வை. அவர் ஏன் வாசலிலேயே நின்றார் என்பது கேள்வி. பிள்ளைகள் அந்த வரியை அப்படியே பெயர்த்து, 'நான் என் சாவியைத் தொலைத்துவிட்டேன்' என்று எழுதி வைக்கிறார்கள். சாவியைத் தொலைத்தது யார், இவர்களா? திருத்துகிற எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். பதில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த பிள்ளைக்குக் கேள்வி என்ன கேட்கிறது என்று நின்று பார்க்கப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். கேள்விகளை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குப் போகட்டும். பதில் இருக்கும் வரியைப் பென்சிலால் கோடிட்டுவிட்டு, பத்தியை மூடி வைத்துச் சொந்த வாக்கியத்தில் எழுதட்டும். மூடி வைப்பதுதான் இதில் முக்கியம்.

கட்டுரையை மனப்பாடம் செய்ய வைக்காதே. தலைப்பு கொஞ்சம் மாறினாலும் பிள்ளை மனப்பாடம் செய்ததையே எழுதும், எங்களுக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். கடிதத்தின் அமைப்பு வேறு விஷயம், அதை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். பிரிட்டிஷ் வழக்கப்படி, பெயர் போடாமல் 'டியர் சார்' என்று ஆரம்பித்தால் 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி' என்று முடிக்க வேண்டும். பெயர் சொல்லி ஆரம்பித்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி'.

புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னாய். அதில்தான் எனக்குக் கவலை. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்ப வாசித்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே!

நேரத்தையும் பழக்க வேண்டும். மூன்று மணி நேரம், 100 மதிப்பெண் என்று வைத்துக்கொள். வினாத்தாளைப் படிக்கவும் கடைசியில் சரிபார்க்கவும் 20 நிமிடம் போனால், மீதி 160. பத்து மதிப்பெண் கேள்விக்கு 16 நிமிடம்தான். முழு வினாத்தாளைக் கடிகாரம் வைத்து ஒரே மூச்சில் எழுதிப் பார்க்காத பிள்ளை, பரீட்சை அன்று கட்டுரையிலேயே அரை மணி நேரத்தைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்.

எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படிக்கச் சொல். விட்டுப்போன சொல் கண்ணுக்குத் தப்பினாலும் காதில் இடறும். நீ பக்கத்தில் நின்று கேட்க வேண்டாம். சாப்பிடும்போது செய்வினை வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாக 'வொய்ஸ்' மாற்றச் சொல்லிக் கேள்வி கேட்கிற பழக்கத்தையும் விட்டுவிடு, பாவம். நீ கேட்டால் அவளுக்குத் தெரிந்ததும் மறந்துவிடுகிறது.

இந்த வாரம் அவள் எழுதும் கட்டுரை ஒன்றைப் போட்டோ எடுத்து அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் நீ உட்கார்ந்து திருத்திவிடாதே.

அன்புடன்,
அக்கா