தலைக்குள் வைத்த கருவிக்குப் பத்தாண்டு கழித்து யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளையோடு இணையும் கருவிகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "நாம் நினைப்பதையெல்லாம் படித்துவிடுவார்களோ" என்ற பயம்தான் முதலில் வந்து நிற்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் 2023-இல் டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூளை ஸ்கேனிலிருந்து ஒருவர் கேட்ட கதையின் சாரத்தை எடுத்தபோது, அதற்கு முன் அவரை 16 மணி நேரம் ஸ்கேனருக்குள் படுக்கவைத்துக் கணினியைப் பழக்க வேண்டியிருந்தது. ஒருவருக்குப் பழக்கியது இன்னொருவருக்குப் பலிக்கவில்லை. அவரே வேண்டுமென்று வேறொன்றை நினைத்தால் கணினி தடுமாறியது. இன்று நோயாளிகள் மாட்டிக்கொண்டு தவிப்பது பேட்டரி, உதிரிபாகம், மென்பொருள், ஒப்புதல் படிவம் என்ற சாதாரண விஷயங்களில்தான். சட்டம் பேச மறந்த இடமும் அதுவே.

கை கால் நடுங்கி விறைக்கும் பார்கின்சன் நோய்க்குச் செய்யும் ஆழ்மூளைத் தூண்டலைப் பாருங்கள். சுமார் 1.3 மி.மீ. தடிமனுள்ள கம்பி மூளையின் ஆழத்தில் இறங்குகிறது. வழக்கமான வகையில் அதன் நுனியில் நான்கு மின்முனைகள். இன்னொரு கம்பி காதுக்குப் பின்னால் தோலுக்கடியிலேயே இறங்கி, காறை எலும்புக்குக் கீழே பதித்த சிறு பெட்டியில் சேர்கிறது. பெட்டி விநாடிக்குச் சுமார் 130 முறை மின்துடிப்பு அனுப்புகிறது. சார்ஜ் ஏற்ற முடியாத பேட்டரி பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டு வரும். பிறகு மறுபடி அறுவை சிகிச்சை செய்து பெட்டியையே மாற்ற வேண்டும். பல ஆண்டு இதற்குப் பழகிய உடலில் தூண்டல் திடீரென நின்றால், கை கால் விறைத்து, எச்சில் விழுங்கவும் முடியாமல் போகலாம். மாத்திரையின் அளவைக் கூட்டியும் சிலர் மீள்வதில்லை, உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆக, அடுத்த பெட்டி வந்து சேரும் என்ற உறுதியும் சிகிச்சையின் ஒரு பாகம். அந்த உறுதியைத் தருவது யார்?

தராமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தாகிவிட்டது. பார்வை இழந்தவர்களின் விழித்திரையில் 60 மின்முனைகளைப் பதிக்கும் 'ஆர்கஸ் 2' கருவிக்கு 2013-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தயாரித்த 'செகண்ட் சைட்' நிறுவனம் 2019-இல் அதன் தயாரிப்பை நிறுத்தியது. மறு ஆண்டு ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பியது. உலகெங்கும் 350-க்கும் மேற்பட்டவர்களின் கண்ணில் அந்தக் கருவி இருந்தது. அந்தக் கருவிக்குக் காட்சியை அனுப்ப வெளியே அணியும் கண்ணாடியும் கேமராவும் பழுதானால் கொடுக்க ஆள் இல்லை. கருவியை உள்ளே வைத்துக்கொண்டு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, எந்த அளவு காந்தப்புலம் தாங்கும் என்று மருத்துவர் கேட்டால் பதில் சொல்லவும் ஆள் இல்லை.

ஆஸ்திரேலியாவில் நியூரோவிஸ்டா நிறுவனத்தின் ஆய்வு இன்னொரு விதம். வலிப்பு வருமுன் எச்சரிக்கும் கருவியை 15 பேருக்குப் பொருத்தினார்கள். கையடக்கக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஆபத்து நெருங்குகிறது, நீலம் எரிந்தால் பயமில்லை. பலன் கிடைத்தவர்களும் இருந்தார்கள். நிறுவனத்தின் பணம் தீர்ந்ததும் கருவிகளை எடுத்துவிட்டார்கள். அதைத் தன்னில் ஒரு பாகமாகவே உணர்ந்த ஒரு பெண்மணிக்கு எடுக்க மனமே இல்லை. எடுத்தே ஆக வேண்டியிருந்தது. ஆய்வு முடிந்த பிறகும் பலன் பெற்றவருக்கு அது தொடர்ந்து கிடைக்க முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம் சொல்கிறது. ஆனால் அது அறநெறிதான், சட்டம் இல்லை. திவாலான நிறுவனத்தின் கதவை அதைக் காட்டித் தட்ட முடியாது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. அனுமதி வழங்கும்போதே, கருவியை அகற்றும் செலவுக்கும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான பேட்டரி மாற்றத்துக்கும் உரிய தொகையை நிறுவனத்தின் கைக்கு எட்டாத தனிக் கணக்கில் கட்டச் சொல்லலாம். மென்பொருளின் மூலநிரல், கருவியின் அமைப்பை வெளியிலிருந்து மாற்றும் 'புரோகிராமர்' என்ற சாதனம், எம்.ஆர்.ஐ. பாதுகாப்பு விவரம் மூன்றையும் மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்துவைத்து, நிறுவனம் கைவிட்டால் மருத்துவமனைகளுக்குத் திறந்துவிடலாம். கம்பி பெட்டியில் சேரும் இணைப்பியும் சிறு விஷயம் இல்லை. பேஸ்மேக்கரில் அதற்கு எப்போதோ பொதுத் தரம் வந்துவிட்டது. ஒருவர் தயாரித்த கம்பி இன்னொருவர் தயாரித்த பெட்டியில் பொருந்தும். மூளைக் கருவிகளில் பொதுத் தரம் இல்லை. அதனால் தயாரித்தவர் கடையை மூடினால், நன்றாக வேலை செய்யும் கம்பிக்கே வேறு பெட்டி தேடி அலைய வேண்டியிருக்கிறது. சட்டம் ஒரு வரி எழுதினாலே இது மாறும்.

தலையில் மாட்டிக்கொண்டு மூளையின் மின்னலைகளை அளக்கும் இ.இ.ஜி. பட்டைகளின் கதை வேறு. அறுவை சிகிச்சை வேண்டாம், மருத்துவர் வேண்டாம், செயலியில் 'சம்மதம்' என்று தொட்டால் போதும். நான்கு மின்முனைகள் விநாடிக்கு 256 முறை அளந்தால் ஒரு மணி நேரத்தில் 36 லட்சத்துக்கும் மேல் எண்கள் சேரும். பயனர் கண்ணில் படுவது 'அமைதி மதிப்பெண்' ஒன்றுதான். மற்றவை எங்கே போகின்றன? நமக்குப் பரிச்சயமான ஒன்று கண்ணில் பட்டதும் சுமார் 300 மில்லி விநாடியில் மூளையலையில் ஒரு மேடு எழும். 2012-இலேயே ஆய்வாளர்கள், விளையாட்டுக்காக விற்ற மலிவான பட்டையை வைத்து எண்களைத் திரையில் மின்னவிட்டு, ரகசிய எண்ணின் முதல் இலக்கத்தைக் குருட்டு யூகத்தைவிட நன்றாகவே ஊகித்துக் காட்டினார்கள்.

சிலி நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில், முன்னாள் செனட்டர் ஒருவர் தொடுத்த வழக்கில், இ.இ.ஜி. பட்டை விற்கும் எமோடிவ் நிறுவனம் அவருடைய மூளைத் தரவை அழிக்க உத்தரவிட்டது. கட்டண உரிமம் வாங்காததால் தன் மூளையலையைத் தானே பதிவிறக்க முடியவில்லை என்பதும் அவருடைய குறை. பின்னர் வந்த அமெரிக்க மாநிலச் சட்டங்களில் ஓட்டை இருக்கிறது. கொலராடோவின் 2024 சட்டம், ஆளை அடையாளம் காணப் பயன்படும் மூளைத் தரவைத்தான் காக்கிறது. ஆளின் கவனச் சிதறலைக் கணக்கிட்டு விற்பவர் அந்த வரையறைக்கு வெளியே நின்றுகொள்ளலாம். குற்றவாளியென்று சந்தேகிக்கப்படுபவரிடமும் அவருடைய ஒப்புதல் இல்லாமல் மூளை மின்னலைச் சோதனை நடத்தக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. காவல்துறை கட்டாயப்படுத்தி வாங்க முடியாததை ஒரு செயலி ஒற்றைத் தொடுதலில் வாங்கிக்கொள்கிறது என்றால், அந்தத் தொடுதலை ஒப்புதல் என்று எப்படி ஏற்பது? மதிப்பெண்ணைத் தொலைபேசியிலேயே கணக்கிட்டு, மூல அலையை அங்கேயே அழிக்கத் தொழில்நுட்பம் தடையாக இல்லை. அனுப்பியே ஆக வேண்டுமென்றால் எதற்காக, எத்தனை நாளைக்கு என்று தனித்தனியாகக் கேட்கட்டும்.

பதிக்கும் கருவியானாலும் மாட்டும் பட்டையானாலும், ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்திலேயே, பொடி எழுத்தில் இல்லாமல், மூன்று கேள்விக்குப் பதில் அச்சாகியிருக்க வேண்டும். நிறுவனம் மூடினால் இதை யார் பராமரிப்பார்? வேண்டாம் என்றால் அகற்றும் செலவு யாருடையது? என் மூளையலையின் மூலப் பதிவு இப்போது எந்தக் கணினியில் இருக்கிறது, அது என்றைக்கு அழியும்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்