'நியூரோ, ஆர்த்தோ, பீடியாட்ரிக்' என்றால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆக்குபேஷனல் தெரபி படித்து முடித்த பிள்ளைகள் சென்னையின் மருத்துவமனைகளுக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் அனுப்பும் பயோடேட்டாக்களைப் படித்து ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் நாங்கள். நல்ல திறமைசாலிகள் கூட வெறும் காகிதத்தால் பின்தங்கிப் போவது வருத்தமாக இருக்கிறது.

இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து நாலு வருடத்துக்கும் மேலான படிப்பு. அத்தனையும் 'நியூரோ, ஆர்த்தோ, பீடியாட்ரிக் கேஸ்கள் பார்த்துள்ளேன்' (அதாவது நரம்பு, எலும்பு, குழந்தைகள் பிரிவு நோயாளிகள்) என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடுகிறது. பிசியோதெரபி படித்தவரும் இதே வரியை எழுதலாமே! நோயாளி தானாகச் சாப்பிட, உடுத்த, குளிக்க, வேலைக்கோ பள்ளிக்கோ திரும்ப வழி செய்வதுதான் நம் துறை. அது கண்ணில் பட வேண்டும்.

பக்கவாத நோயாளி ஒருவரைப் பற்றி இப்படி எழுதிப் பாருங்கள்: 'வலப்பக்க வாதம். வாரம் 3 நாள், தலா 45 நிமிடம், 6 வாரம். சட்டை போடும்போது பாதித்த கையை முதலில் நுழைக்கவும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்கவும் பயிற்சி. தடித்த பிடி வைத்த ஸ்பூன். கழிவறைச் சுவரில் கைப்பிடி. பார்தல் இன்டெக்ஸ் 45-இலிருந்து 70. சீனியர் மேற்பார்வையில் செய்தது.' (பார்தல் இன்டெக்ஸ் என்பது அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தானாகச் செய்கிறார் என்பதற்கு நூற்றுக்குப் போடும் மதிப்பெண்.) இப்படி மூன்று கேஸ் போதும்.

எண்கள் கேஸ் ஷீட்டில் இருந்தவையாக இருக்க வேண்டும். பார்தல் இன்டெக்ஸின் மூல வடிவத்தில் மதிப்பெண் ஐந்து ஐந்தாகத்தான் ஏறும். 63 என்று போட்டிருந்தால், ஷா என்ற ஆய்வாளர் பின்னர் திருத்திய முறையா என்று நேர்முகத்தில் கேட்பார்கள். அங்கே விழித்தால் மற்ற வரிகள் மீதும் சந்தேகம் வரும்.

'ஸ்பிளின்ட் (கைக்கு அணைகொடுக்கும் பட்டை) செய்யத் தெரியும்' என்பதும் போதாது. மணிக்கட்டைத் தாங்கும் காக்-அப்பா, விரல்களோடு கை முழுவதையும் தாங்கும் ரெஸ்டிங் ஹேண்டா? தெர்மோபிளாஸ்டிக்கை நீங்களே வெட்டி, வெந்நீரில் இளக்கிக் கையில் வைத்து வடிவமைத்தீர்களா, பக்கத்தில் நின்று பார்த்தீர்களா? பார்த்ததுதான் என்றால் அப்படியே எழுதுங்கள், தப்பில்லை. இரண்டு நாள் பயிலரங்குக்குப் போய்விட்டு 'சென்சரி இன்டக்ரேஷன் சர்ட்டிஃபைடு' (புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சையில் சான்று பெற்றவர்) என்று போடுவதுதான் தப்பு. பயிலரங்கின் பெயர், நாள்கள், வருடம் எழுதினால் அதற்குரிய மதிப்பு கிடைக்கும்.

அப்பா பெயர், மதம், திருமண நிலை, 'ஆப்ஜெக்டிவ்' பத்தி எதுவும் வேண்டாம். அந்த இடத்தில் இன்டர்ன்ஷிப்பில் எந்தப் பிரிவில் எத்தனை வாரம் என்று எழுதலாம். பதிவு எண் இருந்தால் முதல் பக்கத்திலேயே வரட்டும். தெலுங்கு, இந்தி, உருது பேசத் தெரிந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சென்னை வார்டுகளில் அது பெரிய உதவி. இரண்டு பக்கம், பிடிஎஃப், கோப்புக்கு உங்கள் பெயர்.

நோயாளியின் பெயர், படம், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்) எங்கும் வரக் கூடாது. திறமையைக் காட்டும் ஆர்வத்தில் சிகிச்சை பெறும் குழந்தைகளின் படத்தை இணைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விண்ணப்பத்தை நாங்கள் மேற்கொண்டு படிப்பதில்லை.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: இன்டர்ன்ஷிப்பின் முதல் வாரத்திலேயே, பெயர் இல்லாத கேஸ் குறிப்பேடு ஒன்றை ஒவ்வொரு மாணவரும் தொடங்கச் சொல்லுங்கள். கடைசி மாதத்தில் உட்கார்ந்து யோசித்தால் எந்த மதிப்பெண்ணும் நினைவுக்கு வராது.

இப்படிக்கு,
ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் சிலர்,
கே.கே. நகர், சென்னை