சனிக்கிழமை இரவைப் பற்றி மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஞாயிறு காலை நீங்கள் தொலைபேசியில் அழைத்தபோது முதலில் வந்தது இருமல். பேச்சு பிறகுதான் வந்தது. அந்த இருமலிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. 41 நாட்கள் சிகரெட்டைத் தொடாமல் இருந்தவர், முந்தைய இரவு 11 சிகரெட் புகைத்திருக்கிறீர்கள். எண்ணிக்கையைக்கூட மறைக்காமல் சொன்னீர்கள். "எனக்கு மன உறுதி போதாது மச்சான், விடுங்கள்" என்று முடித்துக்கொண்டீர்கள்.

நான் விடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். பெயரைப் போடாமல் பொதுவிலேயே எழுதுங்கள், என்னைப் போல இன்னும் பலர் இருப்பார்கள் என்று சொன்னதும் நீங்கள்தான். தங்கையும் படிப்பாளே என்றேன். "அவளுக்குத் தெரியாததா?" என்று சிரித்தீர்கள்.

இது மூன்றாவது முறை. முதல் முறை நண்பர் வீட்டு மொட்டைமாடியில் உடைந்தது. இரண்டாவது, அலுவலக நண்பர் வேலை மாறிப் போனபோது கொடுத்த விருந்தில். மூன்றாவது இந்தச் சனிக்கிழமை. வேலை நெருக்கடியில் நீங்கள் பற்றவைக்கவில்லை. தங்கையோடு சண்டை போட்டபோதும் பற்றவைக்கவில்லை. அதை அவளே பெருமையாகச் சொன்னாள். நாற்பது நாள் சாதாரண வாழ்க்கையின் எல்லா எரிச்சல்களையும் தாங்கிய மனிதர் மூன்று முறையும் ஒரே மாதிரியான இடத்தில் விழுந்திருக்கிறார். ஆகவே மன உறுதியைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்த மூன்று இரவுகளிலும் உங்கள் இன்னொரு கையில் என்ன இருந்தது?

சிகரெட்டை விடுகிறேன் என்று ஒவ்வொரு முறையும் சொன்னீர்கள். மதுக் கோப்பையைப் பற்றி ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. வாரம் ஒருநாள்தானே, அது வேறு கணக்கு என்று வைத்திருக்கிறீர்கள். உங்கள் மூளை இரண்டுக்கும் ஒரே கணக்குதான் வைத்திருக்கிறது.

எனக்கு இது தெரிய வந்த வழி நேர்மாறானது. பதினேழு ஆண்டுகள் இரண்டையும் சேர்த்தே செய்தவன் நான். குடி முற்றிப்போய் ஒரு மீட்பு மையத்தில் சேர்ந்தபோது அங்கிருந்த ஆலோசகர் சொன்னார்: "ஒரே சமயத்தில் இரண்டையும் விடாதீர்கள். சிகரெட் இருக்கட்டும், துணைக்கு." இப்படி ஓர் அனுமதியை யார் மறுப்பார்கள்? அந்த மையத்தின் பின்வாசலில் எப்போது போனாலும் புகை மண்டிக் கிடக்கும். குடியை விட்டவர்கள் நாங்கள் எல்லோரும் அங்கேதான் நின்றோம், ஒருவர் நெருப்பில் ஒருவர் பற்றவைத்துக்கொண்டு. நாளுக்கு ஒரு பாக்கெட்டாக இருந்தது இரண்டாயிற்று. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அந்தத் துறையில் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் "இப்போது வேண்டாம்" என்றவர் "எப்போது" என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த எப்போது வர ஆறு ஆண்டுகள் ஆயின.

அந்தப் பின்வாசலில் நின்ற நாட்களில் குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான பில் வில்சனை நாங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொள்வோம். 1934 டிசம்பரில் குடியை நிறுத்தினார். அதன்பின் சாகும்வரை குடிக்கவில்லை. அவர் எப்படி இறந்தார் என்று எங்களில் யாரும் பேசியதில்லை. நுரையீரல் காற்றறைகள் சிதைந்துபோகும் எம்ஃபிசீமா நோயும் நிமோனியாவும் சேர்ந்து 1971இல் அவரைக் கொண்டுபோயின. மதுவை விட்ட பிறகும் பல்லாண்டு புகைத்தவர் அவர். இது அவர் ஒருவரின் விதி என்று தள்ளிவிடவும் முடியாது. மது முதலான போதைகளுக்காக மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்ற 845 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 1996இல் வெளிவந்தது. அவர்களில் இறந்தவர்களை எடுத்துக்கொண்டால், பாதிக்குச் சற்று மேற்பட்ட மரணங்கள் புகையிலையோடு தொடர்புடையவை. மதுவோடு தொடர்புடையவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எதற்காகச் சிகிச்சைக்குப் போனார்களோ அதைவிட, துணைக்கு இருக்கட்டும் என்று விட்டுவைத்தது அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது.

இனி உங்கள் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

நிகோட்டின் ஒரு இழுப்பில் இருந்து மூளைக்குப் போய்ச் சேர இருபது விநாடிகூட ஆவதில்லை. அங்கே டோபமின் என்ற, ஆசையைத் தூண்டும் வேதிப்பொருள் சுரக்கிறது. 'இதை மறுபடி செய்' என்று மூளை தனக்குத் தானே குறித்துக்கொள்கிறது. மது வேறு வாசல்கள் வழியாக நுழைந்தாலும் அதே டோபமின் அறைக்குத்தான் வந்து சேர்கிறது. போதாததற்கு, மூளைச் செல்களில் நிகோட்டின் வந்து உட்காரும் இடங்களான அதே ஏற்பிகளின் வேலையிலும் மது கைவைக்கிறது. ஆக, ஒன்று உள்ளே போனதும் மற்றதற்கான வேட்கை தானாகக் கிளம்புகிறது. இத்தனை ஆண்டுகளில் நீங்கள் எத்தனை முறை இரண்டையும் சேர்த்துச் செய்திருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மணி ஓசைக்கு எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய்க்குக்கூட இவ்வளவு நீண்ட பயிற்சி கிடைத்திருக்காது.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. மது மந்தப்படுத்தும், நிகோட்டின் உசுப்பிவிடும். மூன்றாவது கோப்பையில் கண் சொக்கும்போது ஒரு சிகரெட் அந்த மயக்கத்தைக் கொஞ்சம் துடைத்துவிடுகிறது. நான் நிதானமாகத்தான் இருக்கிறேன் என்று தோன்றும், நான்காவது கோப்பை வரும். நிதானமாக இருப்பதாகத் தோன்றுவதுதான். இரத்தத்தில் இருக்கும் மதுவுக்கு அது தெரியாது. சிகரெட் பிடித்துக்கொண்டே குடித்தால் அதிகம் குடிப்போம், குடித்துக்கொண்டே பிடித்தால் அதிகம் பிடிப்போம் என்பதை நாம் இருவரும் எந்த ஆய்வையும் படிக்காமலே அறிவோம். இதில் கல்லீரலும் சேர்ந்துகொள்கிறது. அதிகமாகக் குடிப்பவர்களின் உடல் நிகோட்டினை வேகமாகச் சிதைத்து வெளியேற்றுகிறது, அதனால் அடுத்த சிகரெட் சீக்கிரமே தேவைப்படுகிறது. குடியை நிறுத்திய சில வாரங்களில் இந்த வேகம் தணிகிறது.

இவை எல்லாவற்றையும்விட எளிய காரணம் ஒன்று. "இனி புகைக்க மாட்டேன்" என்று தீர்மானித்தது மூளையின் முன்பகுதி. மது முதலில் தூங்கவைப்பது அதைத்தான். தெளிவாக இருந்த மாப்பிள்ளை கொடுத்த வாக்கை இரண்டு கோப்பைக்குப் பிந்தைய மாப்பிள்ளையிடம் காப்பாற்றச் சொன்னீர்கள். அவர் வேறு ஆள்.

அந்த இருமலைக் கேட்டதால் இதையும் எழுதிவிடுகிறேன். வாய், தொண்டைப் புற்றுநோயில் இந்த இரண்டின் ஆபத்தும் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. 1988இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், நாளுக்கு இரண்டு பாக்கெட்டுக்குக் குறையாமல் புகைத்து நான்கு கோப்பைக்கு மேல் குடித்தவர்களுக்கு, இரண்டும் இல்லாதவர்களைவிட ஆபத்து 35 மடங்குக்கும் மேல். அது ஒரு காலத்தில் என் அளவு, உங்களுடையது இல்லை. பயமுறுத்த எழுதவில்லை, ஆனாலும் தொண்டையை ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, இரண்டையும் ஒன்றாக விடுவதா, ஒன்றன்பின் ஒன்றாகவா? மருத்துவ உலகமே இதில் ஒரே குரலில் பேசவில்லை. போதைச் சிகிச்சையின்போதே புகையை நிறுத்தவும் உதவிய 19 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வொன்று 2004இல் வந்தது. அப்படி உதவி பெற்றவர்கள் நீண்ட காலம் மதுவையும் பிற போதைகளையும் தொடாமல் இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடியிருந்தது. அதே ஆண்டு, 499 பேரைக் கொண்ட இன்னொரு பரிசோதனையில், புகைக்கான சிகிச்சையை உடனே தொடங்கியவர்களைவிட ஆறு மாதம் கழித்துத் தொடங்கியவர்கள் மதுவிலிருந்து விலகி நிற்பதில் கொஞ்சம் மேலாக இருந்தார்கள். இரண்டையும் படித்துவிட்டு நான் வந்து சேர்ந்த முடிவு: ஆறு மாதம் தள்ளிப்போடுவதுகூடத் தப்பில்லை, ஆனால் நாள்காட்டியில் ஒரு தேதி இருக்க வேண்டும். தேதி இல்லாமல் தள்ளிப்போட்டதால்தான் என் ஆறு மாதம் ஆறு ஆண்டுகளாயிற்று.

உங்கள் நிலைமை என்னுடையதைவிட எளிது. காலையில் கை நடுங்குவதில்லை. வாரநாட்களில் மதுவை நினைப்பதுகூட இல்லை. எனவே சிகரெட்டை நிறுத்தும் அதே நாளில் கோப்பையையும் மூன்று மாதத்துக்குக் கீழே வையுங்கள். காலமெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் கேட்கவும் மாட்டீர்கள். மூன்று மாதம் முடிந்ததும் பேசலாம்.

இதைப் படிக்கும் வேறு யாராவது தினமும் குடிப்பவராக இருந்து, குடிக்காத காலையில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டுகிறதென்றால், தயவுசெய்து இந்த யோசனையைப் பின்பற்றி வீட்டில் தனியாக நிறுத்திவிடாதீர்கள். கடைசிக் கோப்பைக்குப் பிறகு சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கி இல்லாதவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அது உயிரையும் எடுக்கும். என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சுவரில் எறும்பு ஊர்வதாக இரவு முழுவதும் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். சுவர் சுத்தமாக இருந்தது. இவர்கள் மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். நிகோட்டினை நிறுத்துவது அப்படிக் கொல்லாது. இரண்டாம் மூன்றாம் நாளில் பாடாய்ப் படுத்தும், இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதை நீங்கள் மூன்று முறை கடந்தவர், உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

காபியைப் பற்றி மட்டும் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சிகரெட் புகையில் உள்ள தார், காபியில் இருக்கும் காஃபீனைக் கல்லீரல் வேகமாக அழிக்கும்படி செய்துவைத்திருக்கிறது. புகை நின்றதும் அந்த வேகம் குறையும். அதே இரண்டு கோப்பை காபி உடம்பில் நான்கு கோப்பையின் வேலையைச் செய்யும். படபடப்பு, தூக்கமின்மை, காரணமற்ற எரிச்சல். எல்லாம் சிகரெட் இல்லாததால்தான் என்று நினைத்து நான் இரண்டு முறை மீண்டும் பற்றவைத்தேன். காபியைப் பாதியாகக் குறைத்த பிறகுதான் தூக்கம் வந்தது.

மருந்தை அவமானமாக நினைக்காதீர்கள். நிகோட்டின் பட்டையைத் தோலில் ஒட்டிக்கொண்டு, வேட்கை எழும்போது மெல்லும் நிகோட்டின் கம்மையும் பயன்படுத்துவது, இரண்டில் ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நன்றாகப் பலனளிக்கிறது. கம்மை மிட்டாய் போல மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, சுருக்கென்றதும் கன்னத்தோரம் ஒதுக்கிவைக்க வேண்டும். காபி குடித்த வாயோடு போட்டால் நிகோட்டின் சரியாக ஏறாது. வரெனிக்ளின் என்ற மாத்திரையும் உண்டு. நிகோட்டின் ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொண்டு, அவற்றை ஓரளவுக்கு மட்டும் தூண்டுவது அது. சில பரிசோதனைகளில் குடிக்கும் அளவும் அதனால் குறைந்திருக்கிறது. இரண்டு பழக்கத்துக்கும் இடையே எவ்வளவு நெருக்கம் என்பதற்கு அந்த மாத்திரையே சாட்சி. உங்களுக்குப் பொருந்துமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

கடைசியாக அந்த 11 சிகரெட். முதலாவதைக் கோப்பை பற்றவைத்தது. மீதிப் பத்தையும் பற்றவைத்தது எது? "எல்லாம் போயிற்று, இனி என்ன" என்ற வெட்கம்தானே? 41 நாட்களில் உங்கள் நுரையீரல் ஆற்றிக்கொண்டதை ஒரே சிகரெட் அழித்துவிடவில்லை. முதலாவதோடு எழுந்து வெளியே போயிருந்தால் 41 நாளில் ஒரு சிகரெட் என்று கணக்கு முடிந்திருக்கும். திங்கட்கிழமை நீங்கள் பிடிக்கவில்லை என்று தங்கை சொன்னாள். அப்படியானால் உங்கள் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த லைட்டரை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மின்சாரம் போனால் மெழுகுவர்த்தி ஏற்ற உதவும் என்று சொல்லி என்னுடையதை இரண்டு ஆண்டு சட்டைப்பையில் வைத்திருந்தவன் நான். ஒரு மெழுகுவர்த்தியும் அதனால் எரிந்ததில்லை.

வரும் சனிக்கிழமையும் நண்பர்கள் கூடுவார்கள். மூன்று மாதம் வரமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். அன்று மாலை ஏழு மணிக்குச் சொல்ல முயன்றால் நாக்கு புரளும். கேலி செய்வார்கள், செய்யட்டும். உங்களுக்கு எட்டரை மணி வாக்கில்தான் கை பரபரக்கத் தொடங்கும் என்று நினைக்கிறேன். அப்போது என்னை அழையுங்கள். ஒவ்வொரு முறை வேட்கை எழும்பும்போதும் அது சில நிமிடங்களில் தணிந்துவிடும். நம் இருவருக்கும் பேச அதற்கு மேலும் விஷயம் இருக்கிறது. தவறிப்போய் ஞாயிறு காலை இருமிக்கொண்டே அழைத்தாலும் எடுப்பேன்.

அன்புடன்,
மச்சான்