‘தீர்க்கப்பட்டது’ என்ற ஒரு சொல்லுக்குள் ஐந்து முடிவுகள்

திருகோணமலைப் பொலிஸ் பிரிவின் சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் அவர்களுக்கும் நிலையப் பொறுப்பதிகாரிகளுக்கும்,

வணக்கம். பாரிய குற்றங்களின் கணக்கை உங்கள் திணைக்களம் ஆண்டுதோறும் தொகுக்கிறது. கூட்டங்களில் மக்களுக்கு அது ‘இத்தனை வீதம் தீர்க்கப்பட்டது’ என்ற ஒரே எண்ணாகத்தான் வந்து சேர்கிறது. ஒரு முறைப்பாடு தீர்ந்தது என்றால் உண்மையில் நடந்தது ஐந்தில் ஒன்றாக இருக்கலாம். சந்தேகநபர் பிடிபட்டிருக்கலாம், பொருள் மட்டும் கிடைத்திருக்கலாம், வழக்குத் தாக்கலாகியிருக்கலாம், மத்தியஸ்த சபையில் சமாதானமாகியிருக்கலாம், நீதிமன்றம் குற்றவாளியென்று தீர்த்திருக்கலாம். களவு கொடுத்தவருக்கு இவை ஐந்தும் ஒன்றல்ல.

கணக்கு பிழைக்கத் தொடங்குவது முறைப்பாட்டின் முதல் வரியில்தான். இருட்டியபின் கடற்கரை வீதியில் நடந்து போகும் ஒரு பெண்ணின் போனை, மோட்டார் சைக்கிளில் வந்தவன் கையை முறுக்கிப் பறிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். “பறிச்சுக்கொண்டு போயிட்டான்” என்கிறாள் அவள். புத்தகத்தில் ‘கைத்தொலைபேசி காணாமற்போனது’ என்று ஏறினால் அங்கே குற்றமே இல்லை. ‘எடுத்துச் சென்றார்’ என்று ஏறினால் அது வெறும் களவு. கையை முறுக்கியதையும் எழுதினால்தான் அது கொள்ளை. பாரிய குற்றங்களைப் பதியும் பெருங்குற்றப் புத்தகத்துக்குப் போகும். ஒரு வினைச்சொல் மாறினால் ஒரு குற்றம் அட்டவணையிலிருந்தே மறைந்துவிடுகிறது.

அதனால்தான் மொழியை வற்புறுத்துகிறோம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு, வாய்மொழியாகச் சொல்லப்படும் தகவலைச் சொன்ன மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, கையொப்பம் வாங்கச் சொல்கிறது. எழுதுபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், முறைப்பாட்டாளரையே தமிழில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அவரால் எழுத முடியாதபோதுதான் காரணத்தைக் குறித்துவிட்டு வேறு மொழியில் பதியலாம். அப்போதும் அவருக்கு விளங்கும் மொழியில் வாசித்துச் சொல்ல வேண்டும். வாசித்துக் காட்டும் அந்த ஐந்து நிமிடத்தை நெரிசலான நாளில் விட்டுவிடுகிறார்கள். ‘பறித்தான்’ ‘எடுத்தான்’ ஆவது அந்த இடத்தில்தான்.

பெறுமதியும் இதே வேலையைச் செய்கிறது. சில வகைக் களவுகள், பொருள் குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால்தான் பாரிய குற்றமாகும். மூதூரிலோ கிண்ணியாவிலோ களவுபோன வலைக்கு ‘பழைய வலை’ என்று மதிப்புக் குறைத்துப் போட்டால் அது சிறுகுற்றப் புத்தகத்தில் தங்கிவிடும். வாங்கிய பற்றுச்சீட்டு, எஞ்சின் இலக்கம், மாட்டுக்குச் சுட்ட குறி, காதுப்பட்டி இலக்கம் ஆகியவற்றை முறைப்பாட்டின்போதே கேட்டு எழுதினால் பெறுமதியில் சண்டை வராது. பின்னால் பொருள் அகப்படும்போது அடையாளம் காட்டவும் அவைதான் உதவும்.

இனி வீதத்துக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, ஓராண்டில் 40 வீடுடைப்புகள். அவற்றில் 10 துலங்கின. 25 வீதம். அதே ஆண்டில் பழைய ஆண்டுகளின் 8 முறைப்பாடுகளும் துலங்க, அவற்றையும் கூட்டிவிட்டால் 18; வீதம் 45 ஆகிறது. நாற்பதில் 4ஐப் ‘பொய் முறைப்பாடு’ என்று கழித்தால் 36க்கு 18, அதாவது 50 வீதம். 25 ஐம்பதானபோது ஒரு கள்வன்கூடக் கூடுதலாகப் பிடிபடவில்லை. பொய் முறைப்பாடுகள் வருவதும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அப்படி முடிவெடுத்தவர் யார், எந்தச் சாட்சியத்தை வைத்து என்பது அந்தப் பந்தியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பிடிபட்ட ஒருவர் “இன்னும் இருபது வீடு உடைத்தேன்” என்று சொன்னதும் இருபது கோப்புகளை மூடுவது இன்னுமொரு வழி. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி பொலிஸ் அலுவலரிடம் சொன்ன குற்ற ஒப்புதல் அவருக்கு எதிராகச் செல்லாது. அவர் சொன்னதைக் கொண்டு பொருள் கண்டெடுக்கப்பட்டால், 27ஆம் பிரிவின்கீழ் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். இருபது வீட்டில் மூன்று வீட்டுத் தண்ணீர் மோட்டார்தான் அகப்பட்டதென்றால், வேறு சாட்சியம் இல்லாவிட்டால் மற்றப் பதினேழும் நீதிமன்றம் போகாது. அந்தப் பதினேழையும் தீர்ந்தவை என்று எழுதிய நாளோடு அவற்றைத் தேடுவது நின்றுவிடுகிறது. எங்கள் பெரிய கவலை இதுதான்.

2006 ஜனவரி 2ஆம் திகதி இந்த நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். 2013இல் விசேட அதிரடிப்படையினர் கைதானார்கள். 2019 ஜூலையில் சாட்சியம் போதாதென்று சந்தேகநபர்கள் 13 பேரையும் நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. கைதை வைத்து எண்ணினால் அது 2013இலேயே தீர்ந்த வழக்கு. தீர்ப்பை வைத்து எண்ணினால் இன்றும் தீராதது. எந்த நிரலில் போடுவீர்கள்?

நாங்கள் கேட்பவை உங்கள் அதிகாரத்துக்குள் செய்யக்கூடியவை. மேலே சொன்ன ஐந்து முடிவுகளுக்கும் தனித்தனி நிரல் வேண்டும். விடுவிக்கப்பட்ட வழக்குகளுக்கு ஆறாவது நிரல். முறைப்பாடு எந்த ஆண்டில் பதியப்பட்டதோ அந்த ஆண்டின் கணக்கிலேயே அதன் முடிவும் ஏற வேண்டும். மார்ச்சில் பிடிபட்டாலும் டிசம்பர்க் களவு டிசம்பர்க் களவுதான். புத்தகத்தின் பெயர், பக்கம், பந்தி இலக்கம், திகதி எழுதிய துண்டை முறைப்பாட்டாளர் கேட்காமலே கையில் கொடுங்கள். குற்றத்தின் வகையை மாற்றினாலும் கோப்பை மூடினாலும் அவருக்குத் தமிழிலேயே ஒரு கடிதம் போகட்டும். விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறதென்று அறியும் உரிமை, குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் வழங்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி பாதிக்கப்பட்டவருக்கு உண்டு.

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய வேண்டாம். சென்ற ஆண்டின் வீடுடைப்பு, கொள்ளை, கால்நடைக் களவு ஆகிய மூன்றை மட்டும் இந்த ஆறு நிரல்களில் பிரித்து, நிலையம் நிலையமாக, தமிழிலும் சிங்களத்திலும் வாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். நிரப்புவதற்கான படிவத்தை இம்மடலோடு இணைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
திருகோணமலையில் முறைப்பாடு எழுதவும் வழக்குக் கோப்புப் பார்க்கவும் மக்களுக்கு உதவுவோர்