செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: ஒரு கல்லும் சில ஆமைகளும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சாலிகிராமத்தில் இயங்கும் நம் இயற்கை ஆர்வலர் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். மாதக் கூட்டங்கள் பத்து நடந்தன. மே மாதம் வெயிலும் டிசம்பரில் மழையும் ஒவ்வொரு கூட்டத்தைச் சாப்பிட்டுவிட்டன. மற்ற விவரமெல்லாம் பதிவேட்டில் இருப்பதால், மனதில் நின்ற இரண்டை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜூலைக் கூட்டத்துக்குப் பொருளாளர் ஒரு கல்லைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்தார். அவருடைய அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தபோது கொண்டுவந்ததாம். ஐம்பது வருஷமாக வீட்டில் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. பேச வந்திருந்த ஓய்வுபெற்ற நிலவியல் பேராசிரியர் அதன் மேல் டம்ளர் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றித் தேய்த்தார். ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி சுருண்ட கல்லில், கொத்தமல்லி இலையின் ஓரம் போல நெளிநெளியாகக் கோடுகள் தெரிந்தன. உள்ளே இருக்கும் அறைத் தடுப்புகள் ஓட்டைத் தொடும் இடங்கள் அவை. கடைசி அறையில்தான் உயிர் குடியிருக்கும். மிதப்பதற்காக மற்ற அறைகளில் வாயு. இதுதான் அம்மோனைட், கணவாய்க்கு உறவான ஓர் ஓட்டுக் கடலுயிரியின் புதைபடிவம். அரியலூர் அன்று கடலுக்கு அடியில் இருந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு சேர்ந்து அம்மோனைட்டுகளும் பூண்டோடு அற்றுப்போயின. நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வந்து நம் பூஜை அறைகளில் இருக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்தான். சாலிகிராமத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டதில் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு.

பெரம்பலூர் குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்ததாக 2020-இல் வாட்ஸ்அப்பில் சுற்றிய படத்தை ஒருவர் எடுத்துக் காட்டினார். அவையும் அம்மோனைட்டைச் சுற்றித் திரண்ட உருண்டைகள்தான் என்று தெரிந்ததும் அவருக்கு முகம் வாடிவிட்டது.

அப்புறம் பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார்: "இது எந்தச் சுரங்கம், எந்தப் பாறை அடுக்கு?" பொருளாளருக்குத் தெரியவில்லை. "அப்படியானால் அழகான கல், அவ்வளவுதான்" என்றார். கூடவே கல்லமேடு கதையைச் சொன்னார். அரியலூரை அடுத்த அந்த ஊரில் கிடைத்த டைனோசர் எலும்புகளுக்கு 1987-இல் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். உலகத்திலேயே மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த எலும்புகள் மழையிலும் ஈரத்திலும் பொடிந்து போய்விட்டன. படங்களும் குறிப்புகளுமே மிச்சம். அவற்றை வைத்துத்தான் இன்றைக்கும் வாதம் நடக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது, வெளியே வந்த பிறகு நம்மிடம் தாங்கவில்லை.

அடுத்த மாதம் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போனோம். புதைபடிவங்களைக் காட்டிலும் பக்கத்தில் இருந்த சீட்டுகளைத்தான் எல்லோரும் குனிந்து குனிந்து படித்தார்கள். வேன் வழியில் நின்றுபோனதைப் பற்றி ஏற்கெனவே போதிய அளவு பேசிவிட்டோம்.

இரண்டாவது, ஆமை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. முட்டையிடக் கரையை நெருங்கி வரும் ஆமை இழுவலையில் மாட்டினால், மூச்சு விட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு, 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் ஆமை நடையில் (கடற்கரையோரம் ஆமைக் கூடுகளைத் தேடி இரவில் நடப்பது) நம் உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். நீலாங்கரையில் தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே ஒரு செத்த ஆமை. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தது. கூட வந்த கல்லூரிப் பெண் டேப்பை விரித்து ஓட்டின் நீள அகலத்தை அளந்தாள். இடம், நேரம், ஆணா பெண்ணா என்பதை நோட்டில் எழுதினாள். மணல் ஒட்டிய விரல், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுத்து. எனக்குப் பேராசிரியரின் கேள்விதான் ஞாபகம் வந்தது. அம்மோனைட்டுகளைத் துடைத்துப்போட்ட அழிவைக் கடல் ஆமைகள் தாண்டி வந்துவிட்டன. இந்த நோட்டுப் பக்கங்களைத் தாண்டுமா என்று பார்க்க வேண்டும். பெசன்ட் நகர் போய்ச் சேர்வதற்குள் மேலும் மூன்றை அளந்தாள். ஒரே ஒரு கூடு கண்டோம். நூறு முட்டைக்கு மேல் இருந்தது. பொரிப்பகத்துக்கு எடுத்துப் போனார்கள்.

கணக்கு தணிக்கையாகிவிட்டது. பெரிய செலவு, கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி. நான்கு பேரின் சந்தா பாக்கி; பெயர் சொல்லப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும்.

பொருளாளரின் கல் அலமாரியில் முதலாவதாக ஏறியிருக்கிறது. சீட்டில் "அம்மோனைட், அன்றைய திருச்சி மாவட்டம்" என்று மட்டும் எழுதி, சுரங்கத்தின் பெயருக்கு இடம் விட்டிருக்கிறோம். அவருடைய அம்மா ஊரில் இருக்கிறார், வயது 86. பொங்கல் வரை காத்திருக்காமல் இந்த மாதமே போய்க் கேட்டு வரும்படி செயற்குழு தீர்மானம் போட்டிருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்