விசுவமடுப் பிள்ளைக்குச் சர்வதேச வங்கியியல் எதற்கு?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் வேலை செய்கிறேன். 2021ஆம் ஆண்டு, சர்வதேச வங்கியியலும் நிதியும் என்ற பட்டப்பின் படிப்பில் சேர்வதற்காக, வெள்ளிக்கிழமைகளில் ஒரு மணித்தியாலம் முந்திப் புறப்பட அனுமதி கேட்டு மேலதிகாரி ஒருவரிடம் கடிதம் கொடுத்தேன். அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "விசுவமடுவிலிருந்து வந்து இங்கே நகை அடகுதானே எழுதுகிறீர். உமக்குச் சர்வதேச வங்கியியல் எதற்கு?" என்றார். அனுமதி கிடைத்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சென்ற மாதம் ஏ9 வீதியோரம் ஒரு விளம்பரத் தட்டியைக் கண்டேன். நான் படித்த அதே படிப்பின் பெயர், பக்கத்தில் ஒரு விமானத்தின் படம். கீழே, வங்கிக் கணக்கில் பணம் காட்டவும் உதவி செய்யப்படும் என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தைக் கண்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

முதலில் நகை அடகு. ஒரு தாய் தன் தாலிக்கொடியைக் கழற்றி எங்கள் தராசில் வைக்கிறார். பவுணுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதைக் கிளை முகாமையாளர் தன் விருப்பப்படி சொல்வதில்லை. இலண்டனில் வேலைநாட்களில் காலை 10.30 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் டொலரில் குறிக்கப்படும் தங்கத்தின் விலை ஒரு பக்கம், டொலருக்கு நம் ரூபாயின் பெறுமதி மறு பக்கம். இரண்டும் சேர்ந்துதான் அந்தத் தாயின் கையில் விழும் தொகையைத் தீர்மானிக்கின்றன. பவுண் என்ற சொல்லே ஆங்கிலேயரின் தங்க நாணயத்தின் வழியாக நமக்கு வந்ததுதான். அதே தாய் கோழிப்பண்ணைக்குக் கடன் கேட்டால் ஏன் தயங்குகிறோம், கொடிக்கு ஏன் உடனே கொடுக்கிறோம் என்பதற்கும் விளக்கம் அந்தப் படிப்பில்தான் கிடைத்தது. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் வகுக்கப்பட்ட மூலதன விதிகளின் மூன்றாவது தொகுப்பை இலங்கை மத்திய வங்கி 2017 யூலையிலிருந்து நடைமுறைப்படுத்தியது. அந்த விதிகளின்படி, தங்கத்தைப் பிணையாக வைத்த கடனுக்கு, நட்டம் வந்தால் தாங்குவதற்காக வங்கி தன் சொந்தப் பணத்தில் ஒதுக்கவேண்டிய மூலதனம் குறைவு. பிணை இல்லாத சிறுதொழில் கடனுக்கு அது அதிகம். வன்னியில் பெரும்பாலானோரிடம் இருப்பது சொந்த உறுதிக் காணி அன்று, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. அதை வைத்து வர்த்தக வங்கியில் கடன் எடுப்பது எவ்வளவு கடினம் என்று அலைந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே கொடி அடகுக்கு வருகிறது, கோழிப்பண்ணை வராமலே போகிறது. ஐந்து வருடம் அடகுச் சீட்டு எழுதிய எனக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்தான் விளங்கியது. அன்று இரவு பஸ்ஸில் நான் உறங்கவேயில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம். 2009 ஓகஸ்ட் மாதம் உயர்தரப் பரீட்சையை மெனிக்பாம் முகாமில் இருந்தபடி, வர்த்தகப் பிரிவில் எழுதினேன். புத்தகங்கள் எல்லாம் முள்ளிவாய்க்காலுக்குப் போகும் வழியிலேயே போய்விட்டன. கணக்கீட்டை நினைவிலிருந்தும், பக்கத்துக் கூடாரத்து அக்காவின் ஒரு கொப்பியிலிருந்தும் படித்தேன். பிறகு வவுனியா வளாகத்தில் வியாபாரக் கற்கைகள். அது 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த செய்தியை, நான் பட்டப்பின் படிப்பில் சேர்ந்த அதே வருடம், உங்கள் பத்திரிகையில்தான் வாசித்தேன்.

படிப்பு கொழும்பில். முதல் மாதங்கள் கொரோனாக் காலம் என்பதால் கைத்தொலைபேசியில் நடந்தன. எங்கள் வளவில் கிணற்றடியில் மட்டும்தான் அலைவரிசை ஒழுங்காகக் கிடைக்கும். பின்னர் நேரடி வகுப்பு தொடங்கியது. வெள்ளி மாலை கிளிநொச்சியில் பஸ் ஏறினால் விடிவதற்கு முன்னர் கோட்டையில் இறங்கலாம். நிலையத்திலேயே முகம் கழுவி உடை மாற்றிக்கொண்டு வகுப்புக்குப் போவேன். ஞாயிறு இரவு திரும்பவும் பஸ். திங்கள் காலை எட்டரைக்குக் கருமபீடத்தில் இருக்கவேண்டும். என் தம்பி ஒவ்வொரு திங்களும் விடிகாலையில் சந்திக்கு மோட்டார் சைக்கிளில் வந்து காத்திருந்தான். 2023 தொடக்கத்தில் அனுராதபுரத்துக்கு வடக்கே தண்டவாளத் திருத்தத்துக்காக ரயிலும் நிறுத்தப்பட்டது. பரீட்சைக் காலத்தில் ரயிலில் போனால் கொஞ்சம் படிக்கலாம் என்று நினைத்திருந்தேன். அதுவும் இல்லாமல் போயிற்று.

இவ்வளவு பாடுபட்டு என்ன படித்தேன் என்று கேட்டால் ஒரு கதை சொல்வேன். 1974 யூன் 26ஆம் திகதி, ஜேர்மனியின் கொலோன் நகரில் ஹெர்ஸ்டாட் என்ற வங்கியை அதிகாரிகள் மாலையில் மூடினார்கள். அதனோடு நாணயம் மாற்றிய மற்ற வங்கிகள் ஜேர்மன் மார்க்கைப் பகலிலேயே கட்டிவிட்டிருந்தன. பதிலுக்கு நியூயோர்க்கில் வரவேண்டிய டொலர் வரவில்லை, ஏனென்றால் அங்கே அப்போதுதான் காலை. இங்கே காசைக் கட்டியாயிற்று, அங்கே இன்னும் பொழுதாகவில்லை. அந்தச் சில மணித்தியால இடைவெளியில் பெருந்தொகை சிக்கிக்கொண்டது. வளர்ந்த நாடுகளின் மத்திய வங்கி ஆளுநர்கள் கூடி, பாசல் குழு என்று இன்று சொல்லப்படும் அமைப்பை அந்த வருட முடிவில் தொடங்கியதற்கு இதுவும் காரணம். விரிவுரையாளர் இதைச் சொன்னபோது எனக்கு எங்கள் கருமபீடம் கண்ணுக்கு முன் வந்தது. "தம்பி வெள்ளிக்கிழமையே கனடாவில் போட்டுவிட்டானாம் பிள்ளை, இன்னும் ஏன் வரவில்லை?" என்று திங்கட்கிழமைகளில் வந்து கேட்கும் அம்மாமார். அவர்கள் கேட்பதும் அதே கேள்விதான். நான் முன்பெல்லாம் "இன்னும் வரவில்லை அம்மா, நாளைக்கு வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பணம் எந்த இடை வங்கியில் நிற்கிறது, எந்த விபரம் பிழையாக இருப்பதால் நிற்கிறது என்று இப்போது பார்த்துச் சொல்கிறேன்.

உண்டியலைப் பற்றியும் சொல்லவேண்டும். வெளிநாட்டிலிருந்து வங்கி வழியல்லாமல் கைமாறி வரும் பணத்தை நாம் உண்டியல் என்கிறோம். அரசாங்கம் குறுங்காலக் கடன் வாங்கும் பத்திரத்துக்கும் திறைசேரி உண்டியல் என்றுதான் பெயர். குறித்த நாளில் பணம் கட்டச்சொல்லி வியாபாரிகள் எழுதும் பத்திரத்தைப் பாடசாலையில் மாற்றுண்டியல் என்று படித்தோம். கொழும்புச் செட்டியார் தெருவிலும் இரங்கூனிலும் பினாங்கிலும் செட்டிமார் கொடுத்து வாங்கியதும் உண்டியல்தான். கடல் கடந்த கடனும் கொடுக்கல் வாங்கலும் தமிழருக்கு அந்நியமான சங்கதி அன்று. ஆங்கிலத்தில் தடுமாறிக்கொண்டிருந்த எனக்கு அந்த எண்ணம் பெரிய தைரியமாக இருந்தது.

2021 கடைசியில் வங்கியில் டொலருக்கு 203 ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாது. மத்திய வங்கி 10 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தும் உண்டியல்காரர் அதற்கும் மேலே கொடுத்தார். மகன் கட்டாரில் இருக்கும் ஓர் அம்மா, "நான் எந்த வழியால் எடுக்கட்டும் பிள்ளை?" என்று என்னையே கேட்டார். சட்டப்படி நான் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான், அதைச் சொன்னேன். ஆனால் விலையை இப்படிக் கட்டிவைத்தால் அது நிலைக்காது என்று அந்த வாரம்தான் வகுப்பில் படித்திருந்தேன். 2022 மார்ச் 7ஆம் திகதி கட்டு அவிழ்ந்தது. மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபாய் வரை போனது. ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. அதற்கு முந்திய வருடம் இரசாயன உரத்தை நிறுத்தியதற்குப் பின்னால் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் இருந்தது. இரணைமடுவின் கீழ் வயல் செய்கிறவர்களிடம் கேட்டுப்பாருங்கள், உரமில்லாத அந்தப் போகத்தை அவர்கள் மறக்கவில்லை. நியூயோர்க்கிலும் இலண்டனிலும் அரசாங்கம் கடன் வாங்குவதற்காக விற்ற இறைமைப் பிணைமுறிகளின் வட்டி எங்கள் வாய்க்கால் வரைக்கும் வந்து சேர்ந்தது.

நுண்கடனும் அப்படித்தான். கிழமைக்குக் கிழமை வீட்டுப் படலையில் வந்து நின்ற சில நிறுவனங்களுக்கு மூலதனம் கொடுத்தவை வெளிநாட்டு நிதியங்கள். 24 வீத வட்டி என்று சொல்லி ஒரு இலட்சம் ரூபாய் கொடுப்பார்கள். கடன் கரையக் கரைய வட்டி குறையாது, முழு இலட்சத்துக்கும் 52 கிழமைக்கும் வட்டி. கிழமைக்கு 2,385 ரூபாய் கட்டவேண்டும். கணக்குப் போட்டால் உண்மையான வட்டி ஏறத்தாழ 44 வீதம். 2018இல் மத்திய வங்கி 35 வீதம் என்று உச்சவரம்பு வைத்தது. எங்கள் ஒழுங்கையில் கணவரை இழந்த பெண்கள் நால்வர் அப்படிக் கட்டினார்கள். இந்தக் கணக்கை அவர்களுக்குப் போட்டுக்காட்ட அன்று ஊரில் ஓர் ஆளும் இருக்கவில்லை, நானும் உட்பட. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

இப்போது அந்த விளம்பரத் தட்டிக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், இருபத்தாறு வயது. இரண்டு ஏக்கர் வயலை ஈடு வைத்து, அக்காவின் நகைகளையும் விற்று, முகவர் ஒருவர் காட்டிய வழியில் இங்கிலாந்துக்கு இதே படிப்புக்குப் போனார். விசாவுக்கு, படிப்புக் கட்டணத்தோடு ஒன்பது மாதச் செலவுக்கான பணமும் கணக்கில் தொடர்ந்து 28 நாட்கள் கிடக்கவேண்டும். அந்தப் பணமும் வட்டிக்கு வந்தது. அங்கே படிக்கும்போது கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். கற்பிக்கும் முதுமாணிப் படிப்புக்குப் போகிறவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்லவும் 2024 ஜனவரியிலிருந்து அனுமதி இல்லை. இவற்றையாவது முகவர் அரைகுறையாகச் சொன்னார். படிப்பில் புள்ளிவிபரவியலும் வழிப்பெறுதிகள் என்ற, வேறொரு பொருளின் விலையைச் சார்ந்த நிதி ஒப்பந்தங்களின் விலை கணிக்கும் கணிதமும் இருக்கின்றன என்பதை ஒருவரும் சொல்லவில்லை. உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்த பிள்ளை அவர். முதல் தவணையிலேயே மூன்று பாடங்களில் சித்தியடையவில்லை. அவரில் நான் ஒரு குறையும் காணமாட்டேன். வயல் இன்னும் ஈட்டில் இருக்கிறது, அவருடைய அப்பா அதே வயலில் இப்போது குத்தகைக்கு விதைக்கிறார்.

வெளிநாடு போய்ப் படிக்கவேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. விருப்பமும் கணித அடிப்படையும் உள்ள பிள்ளைகள் போகட்டும், புலமைப்பரிசில் தேடட்டும். இலங்கைக்குள் படிப்பவர்கள், தாங்கள் சேரும் படிப்பு இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் (SLQF) 9ஆம் அல்லது 10ஆம் மட்டத்து முதுமாணிதானா என்று கட்டணம் கட்ட முன்னரே கேட்டு எழுத்தில் வாங்கட்டும். ஆனால் இது ஒரு விசாவின் பெயராகவே எங்கள் ஊரில் தெரியவந்திருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. வெளிநாட்டுப் பணத்தில் வீடு கட்டுகிற, நண்டு ஏற்றுமதி செய்கிற, டொலரின் விலையைக் கேட்டு உரம் வாங்குகிற ஊர்கள் இவை. இந்தப் படிப்பு வேண்டியது இங்கே.

வவுனியாவில் பல்கலைக்கழகம் இருக்கிறது, வியாபாரக் கற்கைகளுக்குத் தனிப் பீடமும் இருக்கிறது. பம்பைமடுவுக்குக் கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் ஒரு காலைப் பஸ்ஸில் வந்து மாலையில் திரும்பலாம். சர்வதேச வங்கியியலும் நிதியும் என்ற பட்டப்பின் படிப்பை அங்கே சனி, ஞாயிறு நாட்களில், வேலை செய்கிறவர்கள் சேரக்கூடிய கட்டணத்தில் நடத்தவேண்டும் என்று கேட்கிறேன். வங்கிகளின் தலைமைக் காரியாலயங்கள் கொழும்பு உத்தியோகத்தர்களுக்குக் கொடுக்கும் படிப்பு உதவியை வன்னிக் கிளைகளில் உள்ளவர்களுக்கும் அறிவிக்கட்டும். அப்படி ஒரு உதவி இருப்பதே எனக்கு இரண்டாம் வருடத்தில்தான் தெரியும். பெண் பிள்ளைகள் இரவுப் பஸ்ஸில் போகவேண்டியதில்லை என்றால் எத்தனை பெற்றோர் சம்மதிப்பார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். என் கிளையில் மட்டும் இரண்டு தங்கச்சிமார் அந்த ஒரு காரணத்துக்காகவே விண்ணப்பப் படிவத்தை மடித்து வைத்திருக்கிறார்கள்.

என்னுடைய இரண்டு வருடக் குறிப்புகள் பதினொரு கொப்பிகளாக வீட்டில் இருக்கின்றன. ஆங்கிலச் சொற்களுக்குப் பக்கத்தில், எனக்கு விளங்கிய விதத்தில் தமிழையும் எழுதி வைத்திருக்கிறேன். வகுப்புத் தொடங்குகிறவர்கள் யாராக இருந்தாலும் அவற்றைத் தருவேன். கணக்குப் பகுதியில் பின்தங்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் வந்து சொல்லிக்கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன். பத்திரிகைக் காரியாலயத்துக்கு எழுதிக் கேட்பவர்களுக்கு என் விலாசத்தைத் தந்துதவும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வங்கி உத்தியோகத்தர் ஒருவர்,
விசுவமடு.