பஞ்சிகாவத்தை முதலாளிமாருக்கு: கடையில் ஒரு ஜீப் டயர் வையுங்கள்

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடை முதலாளிமாருக்கும், பழைய சோனகத் தெரு, குவாரி வீதிப் பக்கம் கருவிகள் விற்பவர்களுக்கும், இந்தச் சாமான்களைக் கொள்கலன் கணக்கில் இறக்குபவர்களுக்கும் வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். பற்றரியில் ஓடுகிற, கையில் தூக்கிப் போகக்கூடிய கோட்லெஸ் காற்றுப் பம்புகள் இப்போது உங்கள் கண்ணாடி அலுமாரிகளில் வரிசையாக நிற்கின்றன. ஃபோன் கவர் விற்கிற கடையில்கூட கிடைக்கின்றன. வாங்க வருகிறவர்களில் காடு, மணல், மலைப்பாதை என்று ஜீப்பைக் கொண்டு போகிற எங்களைப் போன்றவர்களும் நிறையப் பேர். எங்களுக்கு நீங்கள் அதை விற்கிற விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. சரிசெய்வதற்குப் பெரிய செலவில்லை. ரிம்மோடு ஒரு பழைய ஜீப் டயர் போதும்.

இப்போது என்ன நடக்கிறது? கவுண்டரில் நிற்கும் தம்பி பெட்டியைத் திறந்து பம்பை எடுப்பார். குழாய் நுனியைப் பெருவிரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்துவார். சின்னத் திரையில் இலக்கம் 30, 50, 80 என்று பாயும். "பார்த்தீங்களா சேர், 150 வரைக்கும் போகும். ஹொந்தட்ட வெட!" (சிங்களத்தில், நன்றாக வேலை செய்யும் என்று.) அவ்வளவுதான், பில் போட்டாயிற்று. அந்தக் குழாய்க்குள் இருக்கிற இடம் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதை நிரப்ப எந்தப் பம்பாலும் முடியும். சைக்கிள் பம்பாலும் முடியும். ஜீப் டயருக்கு 30, 35 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்தத்தை அளக்கிற அலகு) மேல் நாங்கள் அடிப்பதே இல்லை. பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 150 எங்களுக்கு எதற்கு? எத்தனை லீட்டர் காற்றை எத்தனை நிமிடத்தில் தள்ளும், சூடாகிப் படுக்காமல் எத்தனை டயர் நிரப்பும் என்பதுதான் எங்கள் கேள்வி. அது பெட்டியிலும் இல்லை, உங்கள் வாயிலும் வருவதில்லை.

ஜீப்காரர்கள் ஏன் இவ்வளவு காற்றுக்கு அலைகிறார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். மணலில் ஓட டயர் காற்றைக் குறைத்தே ஆக வேண்டும். கற்பிட்டிக் கரையோர மணலானாலும் சரி, வில்பத்துவின் மணல் தடங்களானாலும் சரி, 35 பிஎஸ்ஐயோடு இறங்கினால் சில்லு தோண்டிக்கொண்டு கீழே போகும். 18க்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் படுத்து, பாரம் பரவி, வண்டி மணலுக்கு மேலாகவே போய்விடும். மோசமான மணல் என்றால் 15. காற்றை இறக்க ஒரு குச்சி போதும். சங்கடமெல்லாம் தார் ரோட்டுக்கு ஏறிய பிறகுதான். புத்தளத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 130 கிலோமீற்றர். யாலைப் பக்கம் போனவர்கள் அம்பாந்தோட்டையில் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறினால் மணிக்கு 100 கிலோமீற்றரில் வருவார்கள். 18 பிஎஸ்ஐயில் அப்படி ஓடினால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடிந்து நிமிர்ந்து சூடேறும். உள்ளே இருக்கிற நூலும் றப்பரும் பிரிந்தால் டயர் வெடிக்கும். பெற்றோல் ஷெட்டில் அடித்துக்கொள்ளலாமே என்று சொல்லாதீர்கள். அந்தி சாய்ந்த பிறகு காட்டோரத்தில் ஷெட் இருப்பதே அருமை. இருந்தாலும் கொம்பிரஷர் வேலை செய்ய வேண்டும், கேஜ் உண்மை சொல்ல வேண்டும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. 265/70 ஆர்16 அளவு ஜீப் டயருக்குள் கிட்டத்தட்ட 65 லீட்டர் இடம் இருக்கிறது. அதை 18இலிருந்து 35 பிஎஸ்ஐக்கு ஏற்ற வெளிக்காற்றில் ஏறக்குறைய 75 லீட்டர் தள்ள வேண்டும். நான்கு டயருக்கு 300 லீட்டர். ஒரு சின்னக் காரின் டயருக்குள் 20 லீட்டர் அளவுதான் இடம். அதை 28இலிருந்து 33க்குக் கொண்டு வர 7 லீட்டர் காற்றுப் போதும். அதாவது ஒரு ஜீப் டயரின் வேலை, சின்னக் கார் டயர் ஒன்றின் வேலையைவிடப் பத்து மடங்கு. காரில் போட்டுப் பார்த்துவிட்டு "என்ன அருமையான சாமான்" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவருடைய பம்ப் வேர்க்கத் தொடங்குவதற்கு முன்பே அவர் வேலை முடிந்துவிடுகிறது.

நண்பர்கள் ஆளுக்கொன்றாக வாங்கி வைத்திருந்த பம்புகளை, பத்தரமுல்லையில் ஒருவர் வீட்டு முற்றத்தில், ஒரே பஜேரோ ஜீப்பில் போட்டுப் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் ஒரே விதி: 18க்கு இறக்கி, 35க்கு ஏற்றுவது. நேரம் பார்க்க ஃபோன், அழுத்தம் பார்க்க முள்ளுள்ள கேஜ் ஒன்று தனியாக. திரையை நம்பவில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தண்ணீர்ப் போத்தல் அளவில் வருகிற சின்ன வகைதான் உங்களிடம் அதிகம் விற்கிறது. அது முதலாவது டயரை நிரப்ப ஏழு நிமிடத்துக்குக் கிட்ட எடுத்தது. 28 வரை சுமாராகப் போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் முக்கியது. நெஞ்சு அதிரக் கத்திக்கொண்டு, கற்கள் மேல் தானாக நகர்ந்து நகர்ந்து சில்லுக்குக் கீழே போய்ப் புகுந்தது. பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். குழாய் நுனியில் இருக்கிற பித்தளை மரை சூடேறிப் பிடிக்க முடியவில்லை, துணி சுற்றித்தான் கழற்ற வேண்டியிருந்தது. மரையைத் திருகிக் கழற்றுகிற அந்த இரண்டு மூன்று விநாடிக்குள் "உஸ்ஸ்" என்று காற்றுப் போகும், ஏழு நிமிடம் காத்திருந்தவனுக்கு வயிறு எரியும். இரண்டாவது டயர் பாதியில் இருக்கும்போது திரை அணைந்தது. பழுதில்லை, உள்ளே இருக்கிற வெப்பப் பாதுகாப்பு வெட்டிவிட்டது. ஆறவிட்டுத் தொடர்ந்தோம். மூன்றாவதில் பற்றரி முடிந்தது.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. காற்றை நசுக்கினால் அது சூடாகும், அது இயற்கை. பெரிய கொம்பிரஷரில் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள உலோகம் இருக்கிறது. பெருவிரல் பருமனான சிலிண்டருக்கும் பிளாஸ்டிக் உடம்புக்கும் அந்தத் தெம்பு இல்லை.

பற்றரிக் கதையையும் பார்ப்போம். பெட்டியில் 6000 மில்லி ஆம்பியர் மணித்தியாலம் என்று போட்டிருக்கும். பெரும்பாலும் உள்ளே 2000 அளவில் மூன்று கலங்களைத் தொடராகக் கோத்து 11.1 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். மூன்றையும் கூட்டி 6000 என்று எழுதுவது வியாபாரம். வோல்ட்டைச் சொல்லாமல் இந்த எண்ணை மட்டும் சொல்வது, காணியின் நீளத்தை மட்டும் சொல்லி விற்பது மாதிரி. தொடராகக் கோத்தால் ஆம்பியர் கூடாது, ஆகவே உண்மையான 2 ஆம்பியர் மணித்தியாலத்தையும் 11.1 வோல்ட்டையும் பெருக்கினால் 22 வாட் மணித்தியாலம் வருகிறது. மோட்டார் 100 வாட் இழுத்தால் 13 நிமிடம் ஓடும். ஒரு டயருக்கு ஏழு நிமிடம் என்றால் எத்தனை டயர் என்று கல்குலேட்டர் இல்லாமலே சொல்லிவிடலாம். ஆனால் டோர்ச் லைட் இருக்கிறது, ஃபோன் சார்ஜ் பண்ணலாம், சிவப்பு லைட் மினுங்கும். காற்று மட்டும்தான் கொஞ்சம் குறைவு!

கருவி பற்றரியில் ஓடுகிற வகை வேறு சாதி. துளையிடும் மெஷினில் போடுகிற அதே பற்றரியைப் பம்பிலும் மாட்டுவார்களே, அது. 18 வோல்ட் 5 ஆம்பியர் மணித்தியாலம் என்றால் 90 வாட் மணித்தியாலம், சின்னதைப்போல நான்கு மடங்கு. (சில பெட்டிகளில் 20 வோல்ட் என்று இருக்கும். அதே ஐந்து கலங்கள்தான். முழுதாகச் சார்ஜ் ஆனபோது உள்ள அளவை எழுதுகிறார்கள். அதற்கு அதிக விலை கேட்காதீர்கள்.) அது ஒரு டயருக்கு நான்கைந்து நிமிடம் எடுத்தது. நடுவில் கொஞ்சம் ஓய்வு கொடுத்து நான்கையும் முடித்தோம். வயரும் வேண்டாம், பொனட்டும் திறக்க வேண்டாம். கோட்லெஸ்தான் வேண்டும் என்று வருகிற ஜீப்காரருக்கு இதைக் காட்டுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, வண்டிப் பற்றரியில் நேரே கிளிப் மாட்டுகிற இரட்டைச் சிலிண்டர் 12 வோல்ட் கொம்பிரஷர் ஒன்றையும் வைத்திருந்தோம். இரண்டு நிமிடத்துக்குள் ஒரு டயர். உண்மையைச் சொன்னால், அடிக்கடி மணலுக்குப் போகிறவருக்கு இதுதான் சாமான். ஆனால் இதை லயிற்றர் சொக்கெட்டில் குத்தக்கூடாது. அங்கே பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் பியூஸ்தான் இருக்கும், இது 30க்கு மேல் இழுக்கும். இதையும் உங்கள் கடைகளில் யாரும் சொல்லித் தருவதில்லை.

திரையை ஏன் நம்பவில்லை என்றேனே. பம்ப் ஓடும்போது அது அளப்பது டயரை அல்ல, குழாய்க்குள் இருக்கிற தள்ளுவிசையை. அது டயரைவிடக் கூடத்தான் காட்டும். ஆகவே 35க்கு வைத்தால் தானாக நிற்கும், ஆனால் டயரில் 32, 33 இருக்கும். நின்ற பிறகு கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்து, மறுபடி அடிக்க வேண்டும். நல்ல பம்புகள் இதைத் தாங்களே செய்கின்றன. மற்றவற்றை விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வாங்கியவர் இடப்பக்கம் 32, வலப்பக்கம் 35 என்று அதிவேகப் பாதையில் ஏற மாட்டார்.

இன்னொன்று, கொழும்பு வெயில். இவற்றை வாங்குகிறவர் டிக்கியில் போட்டுவிட்டு மறந்துவிடுவார். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வாகனத்தின் உள்ளே 60 பாகையைத் தொடலாம். லித்தியம் கலங்கள் அந்தச் சூட்டில் கிடந்தால் சீக்கிரம் வலுவிழக்கும். 45 பாகைக்கு மேல் அவற்றைச் சார்ஜ் செய்வதும் ஆகாது. ஓடி முடிந்த சூட்டோடு கொண்டுபோய் சார்ஜரில் குத்தாதீர்கள் என்று சொல்ல உங்களுக்கு எத்தனை விநாடி ஆகும்?

சரி, கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். கடை வாசலில் ரிம்மோடு ஒரு ஜீப் டயரை வையுங்கள். வால்வு நல்லதாக இருந்தால் போதும், டயர்ப் பூ (மேலே இருக்கிற பள்ளங்கள்) தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை. அதை 18க்கு இறக்கி, விற்கிற ஒவ்வொரு மாதிரியையும் 35 வரை ஓட்டி, மறுபடி இறக்கி, நான்கு டயர் கணக்குக்கு ஓட்டிப் பாருங்கள். எடுத்த நிமிடம், எத்தனையாவது டயரில் சூடாகி நின்றது, பற்றரி வாட் மணித்தியாலம், ஓடவேண்டிய நேரமும் ஆறவேண்டிய நேரமும் ஆகியவற்றைச் சிறு தாளில் மூன்று மொழியிலும் எழுதிப் பெட்டியில் ஒட்டுங்கள். ஒரு மாதிரிக்கு ஒரு முறை செய்தால் போதும், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வேண்டாம்.

அப்புறம் குழாயும் மரை நுனியும் தனியாகக் கிடைக்க வேண்டும். குழாய் வெடித்தால் முழுப் பம்பையும் எறியச் சொல்கிறீர்கள். ஆறு மாத வாரண்டி என்று கையால் எழுதித் தருகிறீர்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் எங்களுக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

"இப்படி எழுதி ஒட்டினால் சின்னது விற்காதே" என்று ஒரு முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். விற்கும். மோட்டார் சைக்கிள்காரருக்கும், ஆணி குத்தி மெதுவாகக் காற்றுப் போகிற கார்காரருக்கும், இரவில் தனியாக ஓட்டுகிற பெண்களுக்கும் அது உண்மையிலேயே நல்ல சாமான். டயர் கடை வரை போய்ச் சேர்ந்துவிடலாம். ஜீப்காரருக்கு அதைத் தள்ளிவிடும்போதுதான் திரும்பக் கொண்டுவந்து கவுண்டரில் சண்டை பிடிக்கிறார்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, பொருட்களின் லேபல் பற்றிப் பணிப்புரை விடுக்க அதிகாரசபைக்கு இடமிருக்கிறது. அங்கேயும் போகலாம். ஆனால் வர்த்தமானியில் வந்து சேர்வதற்குள் இந்த மாதிரிகளெல்லாம் பழசாகிவிடும். நீங்கள் மனம் வைத்தால் அடுத்த வாரமே நடக்கிற வேலை இது.

டயர் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்களில் ஒருவரிடம் பழைய பஜேரோ டயர் ரிம்மோடு சும்மா கிடக்கிறது. முதலில் கேட்கிற கடைக்குக் கொண்டுவந்து இறக்கித் தருகிறோம். பஞ்சிகாவத்தையில் ஜீப்பை நிறுத்த இடம் மட்டும் நீங்கள்தான் பிடித்து வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு பழைய ஜீப்காரன்